பனையேறியின் பிரயாணம்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். நாவலூரில் வசிக்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்த நாம், மாலையில் பிடித்த மழை விடாததால் இரவு அங்கேயே தங்கிவிட்டோம். பொழுது விடிகிற சமயத்தில் கீழே ஒரே கூச்சல் கேட்டது. நண்பரும், அவருடைய எட்டு வயதுப் பெண்ணும், நாமும் படியிறங்கிப் போய்ப் பார்த்தோம்.

நண்பர் குடியிருப்பது ஓர் அடுக்கு மாளிகை. அதன் அடித் தளத்தில், மோட்டார் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், ஏழெட்டுப் பேர் வட்டமாகக் கூடி நின்றார்கள். வட்டத்தின் நடுவே, ஈரத் தரையில், உள்ளங்கை நீளமுள்ள மீன் ஒன்று நடந்து போய்க் கொண்டிருந்தது.

'நடந்து' என்பது அச்சுப் பிழையல்ல. நேயர்கள் நிச்சயமாக நம்பலாம். கரும்பச்சை நிறமுள்ள அந்த மீன், தன் கன்னங்களிரண்டையும் யானைக் காது போல் விரித்து, அவற்றின் ஓரத்திலிருந்த முட்களைத் தரையில் ஊன்றிக் கொண்டு, வாலால் உந்தி உந்தி முன்னேறியது. நாலு அடி போகும், சற்று நின்று இளைப்பாறும், மறுபடியும் கிளம்பும். சுற்றி நின்றவர்களை அது ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசி உடனே விசாரணை தொடங்கினார். "யார் வீட்டுத் தொட்டியிலிருந்து தப்பி வந்தது?" என்று கேட்டார். ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. "பாம்பு ஜாதியாக இருக்கும். அடித்துப் போடுங்கள்" என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தச் சமயத்தில் வாசற் காவல் பார்க்கும் பெரியவர் கையில் ஈரச் சாக்குடன் வந்து சேர்ந்தார்.

"அடிக்காதீங்க சாமி! இது பனையேறிக் கெண்டைங்க. ஒண்ணும் பண்ணாது. பெரிய மழை வந்தா இப்படித்தான் கெளம்பும்" என்றார். சாக்கை அதன்மேல் போட்டு, முள் கையில் தைக்காதபடி லாகவமாக எடுத்தார். "அதோ அந்த ஜெனரேட்டர் வச்சிருக்கீங்களே, அந்த எடத்துலதாங்க ஏரிக் கால்வா போச்சு. அதுக்கு இந்தப் பக்கம் எங்க நெலம். நாத்து நட்ட கழனியிலே இதுங்க துள்ளி வெளையாடும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர் போல் மௌனமானார்.

நண்பருடைய பெண் நம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா! மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் செத்துப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே. இது ஏன் சாகவில்லை?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அந்த க்ஷணத்தில் நமக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சமாளித்தோம். ஆனால் குழந்தைக்குக் கொடுத்த அரைகுறை விடை நம் மனத்தை உறுத்திக் கொண்டே இருந்தது. ஆகையால் இந்த வாரம் அதற்குச் சரியான விடையை எழுதுவதென்று தீர்மானித்தோம். சைவ உணவுக்கார நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது மீனைச் சமைப்பது பற்றிய விஷயமல்ல. மீன் பிழைப்பது பற்றிய விஷயம்.

மூச்சுக் கணக்கு

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா?" என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். தண்ணீரில் வாழ்வது மீனுக்கு ஏதோ சுகவாசம் என்று நமக்கு எண்ணம். உண்மையில் தண்ணீர் குடியிருப்பதற்கு மிகவும் கஷ்டமான இடம்.

முதல் கஷ்டம் மூச்சு. நாம் சுவாசிக்கும் காற்றில், ஒரு லிட்டருக்குச் சுமார் 210 மில்லி லிட்டர் பிராணவாயு இருக்கிறது. நம் ஊர் வெயிலில் காய்ந்த ஏரித் தண்ணீரில், ஒரு லிட்டருக்கு 5 அல்லது 6 மில்லி லிட்டர்தான் கரைந்திருக்கும். தண்ணீர் சூடேற ஏற இந்த அளவு இன்னும் குறையும். அதோடு, தண்ணீர் காற்றைப் போல் ஏறக்குறைய 800 மடங்கு கனமானது. ஆகவே மீன் ஒவ்வொரு மூச்சுக்கும் கனமான சரக்கை இழுத்து, அதிலிருந்து மிகச் சொற்பமான லாபத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நிபந்தனையில் எந்த வியாபாரியும் கடை திறக்க மாட்டான்.

மீன் எப்படிக் கட்டுப்படியாக்குகிறது? அதன் ரகசியம் செவுளில் இருக்கிறது. சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பாயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சிவப்பு ரத்தத்தின் சிவப்பு. செவுளின் ஒவ்வொரு வளைவிலும் சீப்பின் பற்களைப் போல் மெல்லிய இழைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் இழையின் மேலும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மீன் வாயைத் திறந்து நீரை வாங்கி, வாயை மூடிச் செவுள் வழியே வெளியே தள்ளுகிறது. நீர் அந்தத் தகடுகளின் இடையே ஓடும்போது பிராணவாயு ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

இதில் ஓர் அபாரமான தந்திரம் இருக்கிறது. தகடுகளுக்குள்ளே ரத்தம் ஓடுகிற திசை வேறு. வெளியே நீர் ஓடுகிற திசை வேறு. இரண்டும் எதிரெதிராக ஓடுகின்றன. ஒரே திசையில் ஓடினால், நீரிலுள்ள பிராணவாயுவில் பாதி ரத்தத்துக்கு வந்ததும் இரண்டும் சமமாகிவிடும். அதற்குமேல் வரவு நின்றுபோகும். எதிரெதிராக ஓடுவதால், ஏற்கெனவே முக்கால் பங்கு நிறைந்துவிட்ட ரத்தமும், அப்போதுதான் உள்ளே நுழைகிற புதிய நீரைச் சந்திக்கிறது. ஆகையால் கடைசி வரையில் வரவு இருந்துகொண்டே இருக்கிறது. இந்த ஏற்பாட்டினால், சில மீன்கள் தம்மிடம் வருகிற நீரிலுள்ள பிராணவாயுவில் நூற்றுக்கு 80 பங்கு வரையில் எடுத்துக்கொள்கின்றன. நாமோ உள்ளே இழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயுவில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே விட்டுவிடுகிறோம். காற்று மலிவாகக் கிடைக்கிறபடியால் நமக்கு அந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகிறது.

அப்படியானால் மீன் தரைக்கு வந்தவுடன் ஏன் சாகிறது? தரையில் பிராணவாயு ஏராளமாக இருக்கிறதே! மழையில் நனைந்த புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஏடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடுகிறதல்லவா? தண்ணீரில் தனித்தனியே விரிந்து நின்ற செவுள் தகடுகளும், தண்ணீரின் ஆதரவு போனதும் அவ்வாறே படிந்து ஒட்டிக்கொள்கின்றன. பிறகு உலர்ந்து போகின்றன. பிராணவாயுக் கடலின் நடுவில் மீன் மூச்சு முட்டிச் சாகிறது.

உடம்பெல்லாம் காது

மூச்சைத் தவிர மற்ற கஷ்டங்களுக்கும் மீனின் சரீரத்தில் பரிகாரம் இருக்கிறது. எலும்பும் தசையும் தண்ணீரை விடக் கனமானவை; சும்மாயிருந்தால் மீன் அடியில் போய்ப் படுத்துவிட வேண்டியதுதான். அநேக மீன்களின் வயிற்றுக்குள், முதுகெலும்புக்குக் கீழே, ஒரு காற்றுப்பை இருக்கிறது. அதில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் மீன் விரும்பிய ஆழத்தில் சிரமமின்றி நிற்கிறது. மீனின் காற்றுப்பையும் நம்முடைய நுரையீரலும் ஆதியில் ஒரே மூல உறுப்பிலிருந்து உண்டானவை என்பது பிராணி சாஸ்திரிகளின் முடிவு. இந்த உறவு முறையைப் பிற்பாடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீனைப் பிடித்தால் கையிலிருந்து வழுக்குகிறதே, அந்தக் கொழகொழப்பு நீரின் உராய்வைக் குறைப்பதோடு, நோய்க் கிருமிகள் உடம்பில் ஒட்டாமலும் காக்கிறது. மீனின் பக்கவாட்டில், செவுளிலிருந்து வால் வரையில், ஊசியால் தைத்தது போல் ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரமல்ல. நீரில் உண்டாகும் சிறு அசைவையும் அக்கோட்டிலுள்ள நரம்புகள் அறிந்துவிடும். கலங்கிய நீரிலும் கும்மிருட்டிலும் மீன் சுவரில் முட்டிக்கொள்ளாமல் நீந்துவது அதனால்தான். கெளுத்திக்கு இது போதாதென்று மீசையும் உண்டு. மனிதர் மீசை வைப்பது கம்பீரத்துக்காக; கெளுத்தியின் மீசையோ நாக்கைப் போல் ருசி பார்க்கிறது. சேற்றில் கிடக்கும் இரையை அது மீசையாலேயே கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு சங்கடம் உப்பு. ஏரி மீனின் உடம்பில் உள்ள உப்பு, ஏரி நீரிலுள்ள உப்பை விட அதிகம். ஆகையால் வெளியிலுள்ள நீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டேயிருக்கும். ஏரி மீன் அநேகமாகத் தண்ணீர் குடிப்பதே இல்லை. ஊறி வந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதே அதற்கு ஓயாத வேலை. கடல் மீனின் நிலைமை நேர் விரோதம். சுற்றிலும் உப்பு மிகுந்திருப்பதால் அதன் உடம்பிலுள்ள நீர் வெளியே போய்க்கொண்டிருக்கும். கடலிலேயே வாழ்ந்துகொண்டு அதற்குத் தாகம்! ஆகையால் கடல் நீரைக் குடித்து, அதிகப்படியான உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளுகிறது.

இரண்டு வித்தைகளையும் அறிந்த மீன்களைக் காண நாவலூரிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதன் வழியே தெற்கே போனால் முட்டுக்காட்டுக் கழிமுகம். மழைக் காலத்தில் அங்கே நல்ல தண்ணீர் பெருகும். கோடையில் உப்புக் கரிக்கும். கொடுவாவும் மடவையும் அங்கே இரு பருவத்திலும் வாழ்கின்றன. உப்பை உள்ளே வாங்குவதும் வெளியே தள்ளுவதுமாகச் செவுளின் வேலையை மாற்றிக்கொள்ள அவற்றுக்குத் தெரியும். கொடுவாவிடம் மற்றோர் அதிசயமும் உண்டு. முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுகிறது. முட்டுக்காட்டில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சிக் கழகத்தார், இந்தியாவிலேயே முதன் முறையாக 1997-ஆம் ஆண்டில் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தார்கள். நம்மவர் பெருமைப்பட வேண்டிய காரியம் அது.

ஏரி வைக்கும் பரீட்சை

கடலும் ஜீவநதியும் வற்றுவதில்லை. நம் செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் கதை வேறு. ஐப்பசி கார்த்திகையில் கலங்கல் வழிய நிரம்பும், மாசியில் பாதியாகும், சித்திரையில் குட்டையாகும், ஆனியில் வெடித்த சேறாகும். மழை பெய்து நிரம்பிய ஏரியில் வாழ எந்த மீனுக்கும் தெரியும். சித்திரை மாதத்துக் குட்டையில் வாழ்வதுதான் பரீட்சை. சூடேறிய நீர், அழுகும் பாசி, நெருக்கியடிக்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்து பிராணவாயுவைக் கரைத்துவிடும். அங்கே செவுள் மட்டும் போதாது.

இந்தப் பரீட்சையில் தேறிய மீன்கள் சில உண்டு. அவை கண்டுபிடித்த உபாயம், மேலே வந்து காற்றைக் குடிப்பது. ஆனால் ஒவ்வொன்றும் அதைத் தனித்தனி வழியில் செய்கிறது. விராலுக்குத் தலையில், செவுளுக்கு மேலே, காற்று வாங்கும் அறை இருக்கிறது. ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மழையை எதிர்பார்த்திருக்கும். தேளி மீனுக்கு முதுகெலும்பின் இரு பக்கமும் பின்னோக்கி ஓடும் நீண்ட காற்றுக் குழல்கள் இரண்டு. அயிரை இனத்து மீன்களோ காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசிக்கின்றன. ஜீரணத்துக்கு ஏற்பட்ட உறுப்பை மூச்சுக்கும் உபயோகிக்கும் சிக்கனத்தை வேறெங்கே காண்போம்?

நம் கதாநாயகனான பனையேறிக்கு வருவோம். அதன் செவுளுக்கு மேலே, தலையின் இரு புறமும், பூவிதழ்களைப் போல் மடிந்து மடிந்து சுருண்ட மெல்லிய எலும்புத் தகடுகள் உள்ளன. அவற்றின் மேல் ரத்தக் குழாய்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கிறது. செவுள் இழைகளைப் போல் இவை ஒட்டிக்கொள்வதில்லை; உள்ளே எலும்பு தாங்கி நிற்கிறது. பனையேறி வாயால் காற்றை விழுங்கி அந்த அறையில் அடக்கிக்கொள்கிறது. உடம்பில் ஈரமிருக்கும் வரையில் பல மணி நேரம், சமயத்தில் நாள் கணக்கில்கூட, அதனால் தண்ணீருக்கு வெளியே உயிருடன் இருக்க முடியும். காரியதரிசியின் விசாரணைக்கு அது அஞ்சாததன் காரணம் இதுதான்.

இந்தச் சௌகரியத்துக்கு விலை ஒன்று உண்டு. காற்றைப் பழகிக்கொண்ட பனையேறிக்கும் விராலுக்கும் செவுள் மட்டும் இனிப் போதாது. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வர விடாமல் வலையைப் போட்டுத் தடுத்து வைத்தால், நல்ல தண்ணீரிலேயே அவை மூச்சு முட்டி இறந்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று யாராவது வேடிக்கையாகக் கேட்டால், எங்கள் ஊர் மீன் சாகும் என்று தைரியமாகப் பதில் சொல்லலாம்.

கள் குடித்த மீன்

பனையேறி என்ற பெயர் அதற்கு எப்படி வந்தது? இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, நம் கடற்கரைகளைப் பற்றிய அராபியப் பிரயாணக் குறிப்புகளில், நீரை விட்டு வெளியேறித் தென்னை மரத்தில் ஏறி, அதன் சாற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும் ஒரு மீனைப் பற்றிய செய்தி வருகிறது. மதுவிலக்கை ஆதரிப்பவர்கள் கேட்டால் வருத்தப்படக் கூடிய சமாசாரம்தான்!

பிறகு 1791-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில், டால்டார்ப் என்ற ராணுவ அதிகாரி, குளக்கரைப் பனை மரம் ஒன்றில், நீர் மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், இம்மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது பிரசுரமாயிற்று. அன்று முதல் ஐரோப்பிய நூல்களிலும் மீன் மரமேறத் தொடங்கியது.

அதிகாரி பார்த்தது பொய்யல்ல. ஆனால் மீன் அவ்வளவு உயரம் தானாகவே போயிற்றா? இந்தப் புதிருக்கு விடை சொன்னவர் நம் நாட்டு விஞ்ஞானியான பி. கே. தாஸ். காற்றைச் சுவாசிக்கும் இந்திய மீன்களைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி 1927-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. தரையில் நடந்து போகும் பனையேறியைக் காகமும் பருந்தும் கவ்விச் சென்று மரக் கிளைகளில் போட்டுவிடுகின்றன; மீனோ இலேசில் சாவதில்லை; ஆகையால் மரத்தின் மேல் உயிரோடு இருப்பதைக் காண்பவர்கள் அது தானே ஏறியதாக எண்ணிவிடுகிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். மீன் சாஸ்திரிகள் பெரும்பாலோர் இதையே பொருத்தமான விளக்கமாக ஏற்றுக்கொண்டார்கள்.

பாவம், பனையேறிக்குப் பனையில் ஏறும் ஆசை கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொரு நீர்நிலைக்குப் போவதற்கு ஈரமான நிலம், அவ்வளவுதான்.

வழி எங்கே?

இப்போது நாவலூருக்குத் திரும்புவோம். கிணற்றைப் போல் ஏரி தனித்து நிற்கும் பொருளல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து, கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். மதகு திறந்தால் நீர் கழனிக்குப் போகும். எல்லா மிச்சமும் தாழ்ந்த நிலத்தில் பரவிப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து முட்டுக்காட்டில் கடலைச் சேரும். வடக்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீரும் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாய்க்குத்தான் வருகிறது. நீர் போன வழியெல்லாம் மீன் போயிற்று. மழைக் காலத்தில் ஆழமில்லாத கழனியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, நீர் வடியும்போது ஏரிக்குத் திரும்பிற்று. பனையேறியின் மூச்சு, முள், வால் எல்லாம் இந்த வருஷாந்தரப் பிரயாணத்துக்காகவே அமைந்தவை என்று சொல்லலாம்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலை கணிப்பொறிக் கம்பெனிகளின் ராஜபாட்டையாயிற்று. கழனிகள் மாளிகைகளாயின. ஆயிரக் கணக்கானவர்களுக்கு உத்தியோகம் கிடைத்தது. குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. இதையெல்லாம் குறை சொல்ல நாம் வரவில்லை. நண்பர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு அவர் வீட்டையே குறை சொல்வது மரியாதையுமல்ல. ஆனால் வீடு கட்டியவர்கள் கால்வாய் எங்கே ஓடிற்று என்று கேட்டிருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது. தண்ணீர் வழி மறந்து வந்துவிட்டதென்று நாம் முறையிட்டோம். வழியை மறந்தது தண்ணீரல்ல.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கால்வாய் அடைபட்ட ஏரிக்கு மழை நீர் வருவது குறைகிறது. சாக்கடை வருவது மட்டும் குறைவதில்லை. சாக்கடையைத் தின்று பெருகும் கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. இரவில் பாசியும் தன் பங்குக்குப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். காலையில் உலாவப் போகிறவர்கள், கெண்டைகள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளப்பதைக் கண்டால், அவை பொரிக்காகக் காத்திருக்கின்றன என்று சந்தோஷப்பட வேண்டாம். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. மறுநாள் அவை வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கக் கூடும்.

அத்தகைய நீரில் கடைசி வரையில் தாக்குப் பிடிப்பவை காற்றைக் குடிக்கும் மீன்களே. ஆகையால் ஓர் ஏரியில் மீன் இருக்கிறது என்பது மட்டும் நல்ல அடையாளமாகாது. எந்த மீன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கெண்டை வகைகளும் ஆரலும் அயிரையும் விராலும் பனையேறியும் கலந்திருந்தால் ஏரி க்ஷேமமாயிருக்கிறது. கெண்டைகளெல்லாம் போய், காற்றுக் குடிப்பவை மட்டும் மிஞ்சினால், ஏரி நோயில் கிடக்கிறது என்று பொருள். ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றொரு முரட்டு மீன் உண்டு. அதுவும் காற்றைக் குடிப்பதுதான். எந்தச் சாக்கடையிலும் கொழுக்கும். மற்ற மீன்களைத் தின்றுவிடும். அதை வளர்க்கக் கூடாதென்று சர்க்கார் தடை விதித்திருக்கிறார்கள். அது பெருகிய ஏரியில் நம் பனையேறிக்கு மூச்சிருந்தாலும் வாழ்விராது.

இதிலிருந்து நாம் கண்ட முடிவு ஒன்றுதான். மீன் எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும், அதன் சாமர்த்தியமெல்லாம் அதற்குத் தெரிந்த நீருக்கு ஏற்பட்டது. வறட்சிக்குப் பனையேறி ஈடுகொடுக்கும், சேற்றுக்கு ஈடுகொடுக்கும், ஒரு நாள் தரையில் நடக்கவும் செய்யும். சிமிட்டிச் சுவருக்கு ஈடுகொடுக்க எந்த மீனுக்கும் உறுப்பு முளைக்கவில்லை.

நம்மால் ஆவது என்ன? பெரிய காரியங்கள் சர்க்கார் செய்ய வேண்டியவை. ஆனால் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் புரட்டாசி மாதத்திலேயே, தங்கள் மனையின் மழை நீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது, அந்தக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கலாம். கழிவு நீர் ஏற்றிச் செல்லும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று கேட்கலாம். தொட்டியில் வளர்த்து அலுத்துப் போன அன்னிய மீன்களைப் புண்ணியமென்று நினைத்து ஏரியில் விடாமலிருக்கலாம். பழைய கால்வாய்களின் வழி தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் நம் வாசலிலேயே காவல் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு ஒரு படம் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

அன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். காவல்காரப் பெரியவர் சாக்கில் சுற்றிய மீனுடன் ஏரிக்கரைக்கு முன்னே நடந்தார். குழந்தையும் நண்பரும் நாமும் பின்னே போனோம். காரியதரிசியும் குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். கரையோரத்தில் சாக்கைத் தாழ்த்தியதும் பனையேறி ஒரே துள்ளலில் நீரில் மறைந்தது.

"தாத்தா! அது மறுபடியும் நம் வீட்டுக்கு வருமா?" என்று குழந்தை கேட்டாள்.

பெரியவர் சற்று யோசித்தார். "ஏரி இருந்தா வரும் கண்ணு" என்றார்.

திரும்பி வரும் வழியில் காரியதரிசி பேசவேயில்லை. கட்டிடத்தின் வாயிலை அடைந்ததும் பெரியவரைத் தனியே அழைத்து, "ஐயா, அந்தக் கால்வாய் எங்கே போயிற்று என்று சொன்னீர்கள்? கொஞ்சம் காட்டுங்கள்" என்றார். இருவரும் ஜெனரேட்டர் இருக்கும் பக்கமாக நடந்து போவதைப் பார்த்துவிட்டு நாம் பஸ் ஏறினோம்.